காட்டிய பிறகே தெரியும் முறிவு: இடுப்பு எக்ஸ்-ரே பார்க்கப் பழகுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான்காம் ஆண்டு மருத்துவம் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "வார்டில் இடுப்பு எக்ஸ்-ரேயைத் திரையில் போட்டு, முறிவு எங்கே என்று கேட்கிறார்கள். யாராவது விரல் வைத்துக் காட்டும்வரை எனக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. காட்டிய பிறகு, இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று வெட்கமாக இருக்கிறது. 500 முறிவுப் படங்கள் கொண்ட தொகுப்பையும் வார இறுதி வகுப்பையும் சேர்த்து 1,800 ராண்டுக்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கண்ணுக்குப் பயிற்சி.

நீங்கள் படத்தைப் பார்த்ததும் கறுப்புக் கோடு ஒன்றைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கோட்டைத் தேடாமல் வடிவத்தைப் பாருங்கள். இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்த முழு இடுப்புப் படத்தைக் கேட்டு வாங்கி, வலியில்லாத பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பூப்பெலும்பின் (இடுப்பின் முன்பக்க எலும்பு) மேற்கிளையினுடைய கீழ் விளிம்பில் விரலை வைத்து, அப்படியே தொடையெலும்புக் கழுத்தின் உள்விளிம்பு வரை ஓட்டினால், ஒடியாத ஒரு வில் கிடைக்கும். அதுதான் ஷென்டன் கோடு. அடுத்து, தொடையெலும்பின் பந்து போன்ற தலையின் விளிம்பு கழுத்துக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் அது மெல்லக் குழிந்து வளைய வேண்டும். கூரான மூலை எங்கும் இருக்கக் கூடாது. பிறகு, எலும்புக்குள் வாழையிலை நரம்புபோல் ஓடும் மெல்லிய வரிகள் கழுத்திலிருந்து தலைக்குள் தொடர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். இவ்வளவையும் பார்த்த பிறகே வலியுள்ள பக்கத்துக்கு வாருங்கள். அங்கே தொடையெலும்புக் கழுத்துக்குக் கீழே உட்புறமாக இருக்கும் சிறிய முண்டு மறுபக்கத்தைவிடப் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் கால் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். அது முறிவுக்குச் சாட்சி ஆகாது. ஆனால் இன்னொரு முறை உற்றுப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை.

எல்லா முறிவும் கறுப்பாகத் தெரியாது என்பதை மட்டும் நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில், கழுவிவிட்ட அடுக்களைத் தரையில் வழுக்கி விழுந்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த வயதான ஆயா ஒருவர், மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு தாமே நடந்து மருத்துவமனைக்கு வந்தார். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் படத்தில் கறுப்புக் கோட்டைத் தேடினார், இல்லை. நடக்கவும் செய்கிறார் என்பதால் வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஐந்தாம் நாள் ஆயாவின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அந்த முதல் படத்தை நான் பிறகு பார்த்தேன். தொடையெலும்பின் தலைக்குச் சற்றுக் கீழே, தீக்குச்சியின் பருமன்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. அதற்கு நேரே, கழுத்தின் வெளிவிளிம்பில் சிறிய மடிப்பு ஒன்றும் தெரிந்தது. உடைந்த இரு முனைகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால், எலும்பின் மேல் எலும்பு படிந்து அந்த இடம் வெளுத்துத்தான் தெரியும். செருகிய முனைகள் ஓரளவு தாங்குவதால் நோயாளி நடக்கவும் கூடும். தொடையெலும்பின் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்களில் முக்கியமானவை அதன் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. முறிவு விலகாத நிலையில் கண்டிருந்தால் திருகாணி போட்டுக் காத்திருக்கலாம். விலகிய பிறகு அந்தக் குழாய்கள் அறுபட்டுப் போகக்கூடும் என்பதால், ஆயாவுக்கு இடுப்பு மூட்டின் பாதியை மாற்றவேண்டியதாயிற்று. ஆகவே கறுப்பைத் தேடும் அதே கவனத்தோடு வெளுப்பையும் தேடுங்கள்.

அந்த இளம் மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு மருத்துவமனைகளில் சாதாரண எக்ஸ்-ரேக்களில் பல கதிரியக்க நிபுணரின் பார்வைக்கு வருவதே இல்லை. இரவில் இளையவரின் கண்தான் முதலும் கடைசியுமான கண். அந்தக் கண்ணுக்கு ஆறு ஆண்டுப் படிப்பில் எத்தனை மணி நேரம் பயிற்சி தருகிறோம்? பக்கவாட்டுப் படம் எடுக்க ஆளில்லை, நேரமில்லை என்று முன்பக்கப் படம் ஒன்றோடு நிறுத்திவிடுவதை எத்தனை ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்? வயதானவர் விழுந்திருக்கிறார், காலை ஊன்ற முடியவில்லை, படமோ சுத்தமாக இருக்கிறது என்றால், முறிவு உண்டு என்றே வைத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. கேளுங்கள், ஒரு நாளுக்குள் கிடைக்காதென்றால் சி.டி. கேளுங்கள். வரிசை நீளம் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இனி அந்த 1,800 ராண்ட். இத்தகைய தொகுப்பு ஒன்றை என் மாணவர் ஒருவர் வாங்கி வந்து காட்டினார். அதில் ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பி இரண்டு படங்களாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள்; ஓரத்தில் இடப்பக்கத்தைக் குறிக்க இருந்த 'எல்' என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்று அதைக் காட்டிக்கொடுத்தது. பாதிக்கு மேல் திரையைக் கைபேசியில் பிடித்த படங்கள். நான் சொன்ன மெல்லிய வரிகள் அவற்றில் அழிந்துபோயிருந்தன. சிலவற்றின் மூலையில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் அப்படியே இருந்தன. தனிநபர் தகவலைக் காக்க இந்த நாட்டில் 2013-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியாயிற்று. அப்படிப்பட்ட படங்களைக் கைபேசியில் வைத்திருந்தால் விற்றவரோடு நீங்களும் பதில் சொல்ல நேரும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, 500 படங்களும் முறிவுகள் என்பது. முறிவு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் எவருக்கும் கண்டுபிடிக்க வரும். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் சொல்வதுதான் வார்டில் உங்களுக்கு நேரும் சோதனை.

அதற்குக் காசு வேண்டாம். உங்கள் மருத்துவமனையின் எக்ஸ்-ரே பிரிவில் சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவரிடம் அனுமதி பெற்று, வாரம் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் அமர்ந்து, அன்று வந்த இடுப்புப் படங்களை நல்லதும் கெட்டதுமாகக் கலந்தே பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முறிவு உண்டு, இல்லை, சந்தேகம் என்ற மூன்றில் ஒன்றையும், எந்த இடம் என்பதையும் நோட்டில் எழுதிய பிறகுதான் அவருடைய பதிலைக் கேளுங்கள். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். வரிசை எண் போதும். சந்தேகம் என்று நீங்கள் எழுதிய நோயாளிகளுக்கு அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று மறக்காமல் விசாரியுங்கள். எலும்பு சிகிச்சை வார்டிலோ, அறுவை அரங்கிலோ யாராவது சொல்வார்கள். அடுத்த முறை வார்டில் கேட்கும்போது, முறிவு தெரியாவிட்டாலும் வாய்மூடி நிற்காமல், "வலப்பக்க ஷென்டன் கோடு ஒடியவில்லை, கழுத்தின் வெளிவிளிம்பில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, பக்கவாட்டுப் படம் வேண்டும்" என்று சொல்லுங்கள்.