லாரலின் கடிதங்களில் சிரிப்பு எங்கே?

வணக்கம் ஐயா,

பழைய ஹாலிவுட் சிரிப்பு ஜோடி லாரல் ஹார்டியில் ஒருவரான ஸ்டான் லாரல் வயதான காலத்தில் ரசிகர்களுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் போன மாதம் சொல்லியிருந்தீர்கள். தேடிப் பிடித்து வாசித்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பத்துக் கடிதம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். லாரல் ஹார்டி என்றால் சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் கடிதத்தில் இருப்பதெல்லாம் உடம்பு, டாக்டர், வெயில், மழை, 'படம் அனுப்பியதற்கு நன்றி'. இதை என் சித்தப்பாவே எழுதுவார். எங்கள் அப்பாவும் ஒருகாலத்தில் வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். பேச்சு இப்போது ஓரளவு திரும்பிவிட்டது, கேலி மட்டும் திரும்பவில்லை. நோய் வந்தால் முதலில் போவது சிரிப்புதானா?

கு., கும்பகோணம்

*

அன்புள்ள கு.,

சித்தப்பாவே எழுதுவார் என்று நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அந்தக் கடிதங்கள் பிடித்ததே அதனால்தான்.

அவற்றை நாள் பார்க்காமல் வாசித்தால் ஒன்றும் பிடிபடாது. 1950இல் பிரான்சில் லாரல் ஹார்டி ஜோடியின் கடைசிப் படம் எடுக்கும்போதே லாரலுக்கு உடம்பு மோசம். சர்க்கரை ஏற்கெனவே உண்டு, அங்கே அறுவை சிகிச்சையும் ஆனது. அந்தப் படத்தில் கன்னம் ஒட்டிப்போன அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க மனசு வராது. 1954 மே மாதம் இங்கிலாந்தில் பிளிமத் நகரில் மேடை நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் ஹார்டிக்கு மாரடைப்பு. சுற்றுப்பயணம் அதோடு நின்றது. 1955இல் லாரலுக்குப் பக்கவாதம், 1956 செப்டம்பரில் ஹார்டிக்கும். லாரல் பெருமளவு தேறிவிட்டார். ஹார்டிக்குப் பேச்சே போய்விட்டது. 1957 ஆகஸ்ட் 7 அன்று ஹார்டி இறந்தபோது, உன் உடம்பு இருக்கிற நிலையில் இறுதிச் சடங்குக்குப் போகவே கூடாது என்று டாக்டர் லாரலைத் தடுத்துவிட்டார். "பேப் புரிந்துகொள்வான்" என்றாராம் லாரல். ஹார்டியை வேண்டியவர்கள் கூப்பிடும் பெயர் பேப்.

அதற்கு அப்புறம் லாரல் ஏழரை வருடம் இருந்தார். ஒரு படத்திலும் நடிக்கவில்லை, மேடையும் ஏறவில்லை. கூப்பிட்டவர்கள் இல்லாமல் இல்லை. இந்தத் தோற்றத்தில் ரசிகர்கள் தன்னைப் பார்க்க வேண்டாம் என்பது ஒரு காரணம், பேப் இல்லாமல் என்ன நடிப்பு என்பது இன்னொன்று. கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா கடற்கரையை ஒட்டிய ஓஷியானா என்ற அடுக்ககத்தில் சின்ன வீடு, மனைவி ஐடா, ஒரு டைப்ரைட்டர். உலகம் முழுவதிலிருந்தும் வந்த கடிதங்களுக்குத் தானே தட்டச்சு செய்து பதில் போட்டார். தொலைபேசி எண்ணையும் மறைக்கவில்லை, டைரக்டரியில் பெயரைத் தேடினால் கிடைக்கும். நடிகர் டிக் வான் டைக் அப்படித் தேடி அழைத்துத்தான் அவரிடம் வந்து சேர்ந்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு நகைச்சுவை நடிகரைச் சுற்றி நின்றுகொண்டு "அண்ணே, ஏதாவது காமெடி பண்ணுங்கண்ணே" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மனிதர் கையில் சாம்பார் சாதம். அதே பந்தியில் ஒரு ஆசாரி உட்கார்ந்திருந்தால் அவரிடம் போய் ஒரு முக்காலி செய்து காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. லாரலுக்குச் சிரிப்பு என்பது தச்சு வேலை மாதிரி. படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். லாரல்தான் எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பார். படத்தை முதலில் ஒரு அரங்கில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, திரும்பி வந்து அதற்கேற்ப வெட்டுவார்கள், நீட்டுவார்கள். ஹார்டி நம்மைப் பார்த்து "இவனோடு நான் படும் பாட்டைப் பாருங்கள்" என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பாரே, அது நாம் சிரித்து ஓய்வதற்காக விட்ட இடைவெளி. அடுத்த வசனம் சிரிப்பில் அமுங்கிவிடக்கூடாது என்ற கணக்கு.

பழைய படங்களைத் தொலைக்காட்சியில் விளம்பரத்துக்காகக் கண்டபடி வெட்டுகிறார்கள் என்று லாரல் அவ்வளவு வருத்தப்பட்டது அதனால்தான். அந்தப் படங்களின் உரிமை அவரிடம் இல்லை, ஒளிபரப்புக்கு அவருக்குக் காசும் வரவில்லை. அவர் மனசு அடித்துக்கொண்டதெல்லாம் அந்த வெட்டுகளுக்காகத்தான். எனக்குக் காசு வேண்டாம், நானே ஒழுங்காக வெட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார், கேட்பார் இல்லை. 1932இல் ஆஸ்கர் வாங்கிய 'தி மியூசிக் பாக்ஸ்' என்ற பியானோ படத்தை நினைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் 133 படி ஏறும் ஒரு தெருவில் ஒரு பியானோவை மேலே கொண்டுபோக வேண்டும், கதை அவ்வளவுதான். ஏறுகிறது, உருள்கிறது, மறுபடி ஏறுகிறது. அதில் ரெண்டு நிமிஷத்தைப் பிடுங்கினால் படியில் பாதியைப் பிடுங்கிய மாதிரி.

இப்படி வேலை செய்து பழகியவர் கடிதத்தில் ஏன் ஜோக் அடிக்கவில்லை? எனக்குத் தோன்றுவது, கடிதத்தில் அவருக்கு ஹார்டி இல்லை. லாரலின் நகைச்சுவைக்கு எப்போதும் ரெண்டு பேர் வேண்டும். ஒருவன் தப்பாக ஒன்றைச் சொல்ல, இன்னொருவன் "என்ன சொன்னாய்?" என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தத் திரும்பிப் பார்ப்பில்தான் சிரிப்பு பிறக்கிறது. கடிதம் எழுதுகிறவன் தனி ஆள். எதிரில் இருப்பவன் எப்போது சிரிப்பான், எவ்வளவு நேரம் சிரிப்பான் என்று அவனுக்குத் தெரியாது. அளந்து பார்க்க முடியாத இடத்தில் லாரல் வேலை செய்யவில்லை. வானிலையை எழுதினார், நன்றி சொன்னார், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் கால் தாங்கல் இன்னும் இருக்கிறது என்று சொல்ல ஒரு நம்பிக்கை வேண்டும், இல்லையா? எங்கள் பெரியப்பா இன்லண்ட் லெட்டரில் எழுதியதும் இதே மாதிரிதான். மழை, மாடு, முட்டி வலி. தபால்காரர் போன பிறகு அதை மூன்று தடவை வாசிப்போம்.

அதே லாரல், வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் வேறு மாதிரி. 1961இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அவரால் விழாவுக்குப் போக முடியாததால் நடிகர் டேனி கே மேடையேறி வாங்கினார். அமெரிக்காவில் தரை கழுவுகிற திரவம் ஒன்றின் பாட்டிலில் மொட்டைத்தலை பயில்வான் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், பெயர் மிஸ்டர் கிளீன். அதே மாதிரி மொட்டைத்தலையோடு நிற்கும் ஆஸ்கர் சிலைக்கு லாரல் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பார்க்க ஒரு ஆள் எதிரில் இருந்தால்தான் இந்த ஜோக் எடுபடும்.

நோய் சிரிப்பைக் கொன்றுவிடுமா என்று கேட்கிறீர்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, உங்கள் அப்பாவையும் நான் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் படுத்திருக்கிறவரிடம் நாம் என்ன பேசுகிறோம் என்று பாருங்கள். "மாத்திரை போட்டீங்களா?" "வலிக்குதா?" "தண்ணி வேணுமா?" எல்லாமே ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகள். வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது அவருக்கு யார் ஈடுகொடுத்தார்கள்? உங்கள் அம்மாவா, அந்தச் சித்தப்பாவா? அந்த ஆள் இப்போது கட்டில் பக்கம் வருகிறாரா? எனக்கு எழுதுங்கள்.

லாரல் 1965 பிப்ரவரி 23 அன்று இறந்தார், வயது 74. நாலு நாள் முன்பு மாரடைப்பு வந்து படுத்திருந்தார். கடைசி நாளில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஊசி போட வந்த நர்ஸிடம், "இந்நேரம் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தால் தேவலை" என்றாராம்.

அந்தப் பெண் கையில் ஊசியோடு நின்று, "உங்களுக்குப் பனிச்சறுக்கு தெரியுமா, மிஸ்டர் லாரல்?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியாது. ஆனால் இதற்கு அது தேவலை."

கொஞ்ச நேரம் கழித்து அவர் எட்டிப் பார்த்தபோது லாரல் போயிருந்தார்.