நடுக்கடலில் ஜிபிஎஸ் நின்றுபோனால், கப்பல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எப்படிக் கணக்குப் போடுவார்கள்?

“வேகத்தை நேரத்தால் பெருக்கினால் போதாதா?” என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் எந்த வேகத்தைப் பெருக்குவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக இருக்கிறேன். பாதை போடுவதும் சார்ட் (கடல் வரைபடம்) பார்ப்பதும் என் பொறுப்பு என்பதால் இந்தக் கணக்கு எனக்கு அன்றாட வேலை.

முதலில் சுலபமான பகுதி. கடல் மைல் என்பது 1,852 மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் வேகம் ஒரு நாட். (இனி நான் மைல் என்று எழுதுவதெல்லாம் கடல் மைல்தான்.) பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில்) நிற்பவர்கள் மனக்கணக்காக ஆறு நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். அது மணியில் பத்தில் ஒரு பங்கு. 12 நாட்டில் போகிறோம் என்றால் ஆறு நிமிடத்தில் 1.2 மைல். 15 நாட் என்றால் 1.5. புள்ளியை ஓர் இடம் தள்ளினால் போதும், கால்குலேட்டர் தேவையில்லை. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து, போகும் திசையில் கோடு போட்டு, அந்தத் தூரத்தை டிவைடரில் எடுத்துக் குறித்தால் கப்பல் இருக்க வேண்டிய இடம் வந்துவிடும். இதைத்தான் டெட் ரெக்கனிங் என்கிறோம்.

இப்போது வேகம். இதை அளக்க ஒரு மரத்துண்டு இருந்தாலும் போதும். கப்பலின் முன்பக்கம் நிற்பவர் துண்டைத் தண்ணீரில் போட்டுக் கை காட்டுவார். பின்பக்கம் நிற்பவர் அது தன்னைக் கடக்கும் வரை விநாடியை எண்ணுவார். இருவருக்கும் இடையே 100 மீட்டர், துண்டு கடக்க 20 விநாடி என்றால் விநாடிக்கு 5 மீட்டர். அதாவது 9.7 நாட். பாய்மரக் காலத்தில் இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள். கயிற்றின் நுனியில் ஒரு பலகை, கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, கையில் 28 விநாடி மணற்கடிகாரம். பலகையைத் தண்ணீரில் விட்டதும் அது இருந்த இடத்திலேயே நிற்கும், கயிறு ஓடும். மணல் தீர்வதற்குள் கையைத் தாண்டிப்போன முடிச்சுகளின் எண்ணிக்கைதான் வேகம். 28 விநாடிக்கு 47 அடி 3 அங்குலம் என்ற விகிதத்தை ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், ஒரு மைலுக்குச் சரியாக வந்து நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இன்றைய கப்பலில் ஸ்பீட் லாக் என்ற கருவி அடிப்பகுதியில் இருக்கிறது. அதுவும் பழுதானால் எஞ்சினைக் கேட்கலாம். புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் தள்ளும் அமைப்பு, நிமிடத்துக்கு 80 சுற்று என்றால், காகிதக் கணக்கில் கிட்டத்தட்ட 13 நாட். தண்ணீர் வழுக்குவதற்கு 10 சதவீதம் கழித்தால் 11.7. அந்த 10 சதவீதம் எல்லா நாளும் ஒன்றாக இருக்காது. சரக்கு ஏற்றினால் மாறும், அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் பிடித்தால் மாறும், எதிர்க்காற்றில் மாறும். அதனால்தான் இதைத் தினமும் மதியம் கணக்கிட்டுக் குறித்து வைப்போம்.

சிக்கல் இனிமேல்தான். மேலே சொன்ன முறைகள் எல்லாமே தண்ணீரை வைத்து அளந்த வேகம். தண்ணீரே நகர்ந்துகொண்டிருந்தால்? சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,190 கிலோமீட்டர், அதாவது 640 மைல் சொச்சம். பயணிகள் கப்பலுக்குக் கிட்டத்தட்ட 60 மணி நேரம் ஆகும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் கிழக்குக் கரையை ஒட்டி நீரோட்டம் வடக்கே ஓடும். நவம்பரில் அதே நீரோட்டம் தெற்கே திரும்பிவிடும். கிழக்கே போகும் கப்பலை அது ஒரு நாட் வேகத்தில் ஆறு மணி நேரம் தள்ளினால், கப்பல் ஆறு மைல் விலகியிருக்கும். பக்கவாட்டில் தள்ளுவது என்பதால் லாக்கில் ஓர் எண்ணும் மாறாது. பிரிட்ஜில் நிற்பவருக்கும் ஒன்றும் தெரியாது. எந்த மாதம், எந்தக் கரை, எந்தப் பக்கம் ஓட்டம் என்று புத்தகத்தைப் பார்த்து அதையும் கணக்கில் சேர்த்தால்தான் தூரம் உருப்படியாக வரும்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். 12 நாட்டில் போகும்போது நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் 370 மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் வேகத்தில் அரை நாட் பிசகினால் ஒரு நாளில் 12 மைல், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். நேரப் பிழை அப்படியே நிற்கும், வேகப் பிழை வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். ஆகவே கடிகாரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், வேகத்தைத்தான் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று சந்தேகம் இருந்தால் 1789-ஐப் பாருங்கள். பசிபிக் கடலில் பவுன்ட்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் நடந்து, அதன் கேப்டன் பிளையையும் அவரோடு 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். சார்ட் கிடையாது. அட்சரேகை பார்க்க ஒரு கருவி இருந்தது. வேகத்துக்கு லாக் கயிறு, அதாவது மேலே சொன்ன முடிச்சுக் கயிறு இருந்தது. விநாடியைப் படகில் இருந்தவர்களே வாயால் எண்ணிப் பழகிக்கொண்டார்கள். டோஃபுவா தீவிலிருந்து 41 நாளில் திமோர் கரையைப் பிடித்தார்கள். அந்த லாக் கணக்குப்படி ஓடிய தூரம் 3,618 மைல். நனைந்து, பட்டினி கிடந்து, விடாமல் வேகத்தைக் குறித்துவந்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஜிபிஎஸ் இருக்கும்போதே இதெல்லாம் எதற்கு என்று இளம் கேடட்டுகள் கேட்பதுண்டு. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே நின்ற கப்பல்கள் விமான நிலையத்தில் இருப்பதாக ஜிபிஎஸ் காட்டியது. இப்போது செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் இந்தத் தொல்லை வழக்கமாகிவிட்டது. கருவி நின்றுபோவதைவிடப் பொய் சொல்வதுதான் ஆபத்து. அந்தப் பொய்யைப் பிடிப்பதும் இதே பெருக்கல்தான். 12 நாட் கப்பல் பத்து நிமிடத்தில் இரண்டு மைல்தான் போக முடியும். திரையில் இருபது மைல் தாவியிருந்தால் அதை நம்பக்கூடாது.

கடைசியாக ஒன்று. ரேடாரில் கரை தெரிந்ததும் அல்லது நட்சத்திரம் பார்த்து இடம் கிடைத்ததும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 12 நாட்டில் ஆறு மணி நேரம், 72 மைல் வந்திருக்க வேண்டும். உண்மையில் 68தான் வந்திருக்கிறோம் என்றால், மணிக்கு முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக ஏதோ பின்னால் இழுத்திருக்கிறது. காற்றும் ஓட்டமும் மாறாத வரை, அடுத்த ஆறு மணி நேரத்துக்கு நான் 12-ஐ வைத்துப் பெருக்க மாட்டேன், 11.3-ஐ வைத்துப் பெருக்குவேன்.