சதகா என்றால் ஜகாத்தா?

கேள்வி: சதகா என்பது விரும்பிக் கொடுக்கும் தர்மம்தானே? பிறகு ஏன் குர்ஆன் 9:60 அதைப் பெறுவோரை எட்டு வகையினர் என்று வரையறுக்கிறது?

பதில்: அங்கே ‘சதகாத்’ (சதகாவின் பன்மை) என்பது, வசதியுள்ள முஸ்லிம்கள் கட்டாயம் கொடுக்க வேண்டிய ஜகாத்தைத்தான் குறிக்கிறது. ‘அல்லாஹ் விதித்த கடமை’ என்று அந்த வசனமே சொல்லிவிடுகிறது. தொடக்கத்தில் கடமையான கொடைக்கும் விருப்பக் கொடைக்கும் சதகா பொதுச்சொல்லாக இருந்தது. புன்முறுவலைக்கூட சதகா என்கிறது ஒரு நபிமொழி. பின்னர் ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியல் வளர வளர, நிஸாப் எனும் குறைந்தபட்சச் செல்வ அளவை எட்டி ஒரு சந்திர ஆண்டு நிறைந்த பணம், தங்கத்துக்கு 2.5% என்பது போன்ற கடமைக்கு ஜகாத் தனிப்பெயராக நிலைத்தது. சதகா பெரும்பாலும் விருப்பத் தர்மமாகச் சுருங்கியது. அந்தப் பழைய பொருளின் எச்சம், ரமலான் நோன்பின் முடிவில் ஏழைகளுக்குத் தரும் ‘சதகத்துல் ஃபித்ர்’: பெயரில் சதகா, சட்டத்தில் கட்டாயம்!

9:60 வசனத்தில் வரும் சதகாவை இன்றைய பொருளில் வாசித்தால், விருப்பத் தர்மத்துக்கும் எட்டு வகை வரம்பு உண்டு என்று தவறாக எண்ண நேரும். அந்த வரம்பு ஜகாத்துக்கு மட்டுமே.