சி.எஃப்.ஓ. வெறும் கணக்கு எழுதித் தருபவர்தானா?

'முடிவெடுப்பது சி.இ.ஓ.வும் போர்டும்தானே, சி.எஃப்.ஓ. (தலைமை நிதி அதிகாரி) அதற்குக் கணக்கு எழுதித் தருபவர் மட்டும்தானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபைனான்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 14 வருடம் கணக்கு முடிக்கும் டீமில் இருந்தவன் நான். அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இருந்தது ஒரு உற்பத்தி நிறுவனம். ஒரு வருடக் கடைசியில் பாய்லரில் கசிந்த குழாய்களை மாற்றிய பில் வந்தது. பெரிய தொகை. நான் ரிப்பேர் செலவில் போட்டு அனுப்பினேன். சி.எஃப்.ஓ. கூப்பிட்டார். "இதனால் பாய்லரோட ஆயுள் கூடுதுல்ல? அசெட்ல ஏத்துங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை, மிரட்டவும் இல்லை. ஏற்றினேன். தேய்மானம், அதாவது சொத்தின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்துச் செலவாகக் காட்டுவது, 10 வருடம் என்பதால் அந்தப் பில்லில் பத்தில் ஒரு பங்குதான் அந்த வருட லாபத்தில் கழிந்தது. மீதி பாலன்ஸ் ஷீட்டில் சொத்தாகப் போய் உட்கார்ந்தது.

லாபம் நன்றாகத் தெரிந்தது. அடுத்த போர்டு மீட்டிங்கில் அதே எண்ணைக் காட்டித்தான் இரண்டாவது உற்பத்தி லைன் போட ஒப்புதல் வாங்கினார்கள். கை தூக்கியது போர்டுதான். ஆனால் அவர்கள் முன்னால் என்ன எண் இருக்க வேண்டும் என்பதை அதற்கு முன்பே ஒருவர் முடிவு செய்துவிட்டாரே!

அவர் போய் அடுத்த சி.எஃப்.ஓ. வந்தார். அந்த அம்மா வந்த முதல் மாதமே மெயின்டனன்ஸ் டீமின் ஒர்க் ஆர்டர்களை, அதாவது என்ன வேலை செய்தார்கள் என்ற பதிவுகளை, எடுத்துவரச் சொன்னார். மூன்று வருடமாக அதே பாய்லர், அதே குழாய்கள், அதே வேலை. "வருஷா வருஷம் செய்யறது எப்படிங்க ஆயுளைக் கூட்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முந்தைய வருடக் கணக்கையே திருத்தி வெளியிட வைத்தார். சி.இ.ஓ.வுக்குக் கோபம். ஆனாலும் இரண்டாவது லைன் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒரே டீம், ஒரே சாஃப்ட்வேர், ஒரே கணக்கியல் விதிகள், சி.எஃப்.ஓ. மாறியதும் லாபம் மாறியது, முடிவும் மாறியது.

சிறிய விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது கமென்டில் வருவார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமில் 2002-இல் வெடித்த மோசடியின் அடிப்படையும் இதே வேலைதான். மற்ற நிறுவனங்களின் தொலைத்தொடர்பு லைன்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தைச் செலவாகக் காட்டாமல் சொத்தாக ஏற்றினார்கள். முதலில் வெளியே வந்த தொகையே சுமார் 380 கோடி டாலர். அதன் சி.எஃப்.ஓ. ஸ்காட் சல்லிவனுக்கு 5 வருடச் சிறை. அதே ஆண்டு வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி, அமெரிக்காவில் பங்குகளைப் பட்டியலிட்ட நிறுவனங்களின் நிதி அறிக்கைக்கு சி.இ.ஓ.வோடு சி.எஃப்.ஓ.வும் தன் பெயரில் சான்று கொடுக்க வேண்டும். கணக்கு எழுதித் தருபவர் மட்டும் என்றால் அவருடைய கையெழுத்தைத் தனியாக எதற்குக் கேட்கிறார்கள்?

எல்லா சி.எஃப்.ஓ.வும் மோசம் என்று நான் சொல்லவில்லை. என் முதல் சி.எஃப்.ஓ.வைத் திருடர் என்றும் சொல்லவில்லை. ரிப்பேருக்கும் மேம்பாட்டுக்கும் நடுவே உண்மையிலேயே யோசித்து முடிவு செய்ய வேண்டிய இடம் உண்டு. வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, ஒரு சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா என்பதெல்லாமும் அப்படித்தான். அந்த இடத்தில்தான் சி.எஃப்.ஓ.வின் அதிகாரம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். 5 வேலை நாளில் முடித்த மாதக் கணக்கை இப்போது 3 நாளில் கேட்கிறார்கள். சேல்ஸ் டீமோ கடைசி நாள் இரவு 11 மணிக்கு இன்வாய்ஸை அனுப்புகிறது. அந்த நேரத்தில் எந்த ஜூனியர் ஒர்க் ஆர்டரைத் தேடி எடுத்துப் படிப்பான்? நானும் படிக்கவில்லை. அந்த பாய்லர் என்ட்ரியைத் திறந்தால் 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் சி.எஃப்.ஓ.வின் பெயர் இருக்காது. என் யூசர் ஐடிதான் இருக்கும்.