சூரியகாந்தி விதையை மட்டும் தின்னும் கிளி

கேள்வி: எங்கள் வீட்டுக் காக்டெயில் (cockatiel) கிளிக்கு இரண்டு வயதாகிறது. கடைக்காரர் சொன்னபடி தினையும் சூரியகாந்தி விதையும் கலந்து வைக்கிறோம். அது தினையைச் சிதறிவிட்டு சூரியகாந்தியை மட்டும் உரித்துத் தின்கிறது. கீரை வைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாற்ற வேண்டுமா? எப்படி?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கட்டாயம் மாற்றுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குப் பாதி கொழுப்புதான். வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், கால்சியமும் மிகக் குறைவு. நாள் முழுக்கப் பறக்கும் பறவைக்கு அந்தக் கொழுப்பு செலவாகிவிடும், கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதற்கு எங்கே செலவாகும்? ஈரலில் போய்ப் படியும். உங்களுடையது பெட்டையாக இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. ஜோடி இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும், உடம்பில் கால்சியம் குறைந்திருந்தால் முட்டை வெளியே வராமல் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இன்றைக்கே கணவாய் மீனின் ஓடு ஒன்றை வாங்கிக் கூண்டில் மாட்டிவிடுங்கள்.

காய்கறிக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், உழவர் சந்தையிலேயே எல்லாம் கிடைக்கும். முருங்கைக்கீரைதான் என் முதல் தேர்வு, இந்தக் கிளிக்குக் குறைகிற வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டுமே அதில் இருக்கிறது. அப்புறம் அரசாணிக்காய் (பரங்கிக்காய்), கேரட், வேகவைத்த சக்கரவள்ளிக்கிழங்கு, முளைகட்டிய பச்சைப்பயறு, பிஞ்சு மக்காச்சோளம். கொய்யாவும் பப்பாளியும் கொஞ்சமாகப் போதும். கீரையில் மருந்து அடித்திருப்பார்கள், நன்றாக அலசிவிட்டு வையுங்கள். வெயில் காலத்தில் நறுக்கி வைத்த காயை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும். பறவைகளுக்கென்று விற்கும் பெல்லட் (குருணைத் தீவனம்) கிடைத்தால் சாப்பாட்டில் பாதி அதுவாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் தினை, கம்பு, சாமை கலந்து போடலாம். சூரியகாந்தி விதையைக் கையில் வைத்து ஊட்டும் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு நாலைந்து.

சரி, திரும்பிக்கூடப் பார்க்காததை எப்படித் தின்ன வைப்பது? கிளி கூட்டமாக வாழும் பிராணி, கூட்டத்தில் ஒருவர் தின்றால்தான் அதற்கு அது சாப்பாடு என்று தெரியும், உங்கள் வீட்டில் அந்தக் கூட்டம் நீங்கள்தான். காலையில் பசியோடு இருக்கும்போது அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு கேரட்டைக் கடித்துத் தின்னுங்கள். முருங்கையைக் கிண்ணத்தில் போடாமல் கொத்தாகக் கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், விளையாட்டாகக் கொத்த ஆரம்பித்து மெல்லத் தின்னப் பழகும். ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான விதையை வையுங்கள். ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகலாம்.

பட்டினி மட்டும் போடாதீர்கள். "பசித்தால் தானே தின்னும்" என்பது இவ்வளவு சின்ன உடம்புக்குப் பொருந்தாது, ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தாலே நிலைமை மோசமாகிவிடும். ஒரு சமையலறைத் தராசு வாங்கி தினமும் காலையில் எடை போட்டு எழுதி வையுங்கள். இப்போது 90 கிராம் இருக்கிறது என்றால் 81 கிராமுக்கு இறங்க விடாதீர்கள், இறங்கும்போலத் தெரிந்தால் உடனே பழைய உணவைக் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று ஏமாந்துவிடவும் கூடாது, மேலே இருப்பது வெறும் உமியாக இருக்கும், ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவகேடோ, சாக்லேட், டீ, காபி, வெங்காயம், உப்புப் போட்ட பலகாரம் எதுவும் கூடாது. நம் பக்கம் எல்லார் வீட்டிலும் கடலைக்காய் இருக்கும், அதில் பூஞ்சை பிடித்திருந்தால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கும், சந்தேகமாக இருந்தால் போடவே வேண்டாம்.

கேள்வி: தோப்பில் பட்டுப்போன தென்னையை வெட்டியபோது பொந்திலிருந்து ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு விழுந்துவிட்டது. பால் சாதம் ஊட்டி வளர்க்கலாமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: பால் வேண்டாங்க, பறவைகளுக்குச் செரிக்காது. வாயைத் திறந்து ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. உடம்பு சில்லிட்டிருக்கும் குஞ்சுக்கு எதையுமே ஊட்டக்கூடாது. அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்துக் கதகதப்பான இடத்தில் வையுங்கள், நாய், பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டு அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். நம் பச்சைக்கிளியை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த முறை மரம் வெட்டும் முன் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள், குஞ்சு இருந்தால் அது பறந்து போகும்வரை சில வாரம் பொறுத்து வெட்டுங்கள்.