தோற்றவருக்குக் கிடைத்த விருது
(கூடைப்பந்து கேள்வி - பதில்)

கேள்வி: அணி தோற்ற பிறகும் இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்காவது கிடைத்ததுண்டா? எங்கள் கல்லூரி அணியில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். - ஒரு மாணவி, கோவை

பதில்: உண்டு. என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வரலாற்றில் ஒரே ஒருவருக்கு. 1969-இல், அந்த விருதை முதன்முதலாகக் கொடுத்த ஆண்டிலேயே, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டுக்குக் கிடைத்தது.

வெஸ்ட் அதற்கு முன் ஐந்து இறுதிச்சுற்றுகளில் பாஸ்டன் செல்டிக்ஸிடம் தோற்றிருந்தார். ஐந்தும் அதே அணியிடம்! 1969-இல் லேக்கர்ஸ் பக்கம் எல்ஜின் பெய்லர், வில்ட் சேம்பர்லின் என்ற பெரிய நட்சத்திரங்கள் இருவரும் இருந்தார்கள். செல்டிக்ஸோ தன் பிரிவில் நான்காவதாக வந்த, வயதேறிய அணி. பில் ரஸ்ஸல் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்தார். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் 53 பாயின்ட் எடுத்தார். ஆனாலும் தொடர் (ஏழில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை) ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது.

அந்த ஆட்டம் லேக்கர்ஸின் சொந்த அரங்கில். வெற்றி நிச்சயம் என்று நினைத்த உரிமையாளர், கூரையில் வலை கட்டி ஆயிரக்கணக்கில் பலூன்களை நிரப்பி வைத்திருந்தார். வெஸ்டுக்குத் தொடையின் பின்தசையில் காயம். கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினார்: 42 பாயின்ட், 13 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (கூட்டாளி பாயின்ட் எடுக்கக் கொடுக்கும் பாஸ்). கடைசிக் கால்பகுதியில் 17 பாயின்ட் பின்தங்கியிருந்த அணி, ஒரே பாயின்ட் வித்தியாசம் வரை நெருங்கியது. முழங்கால் அடிபட்டு வெளியே வந்த சேம்பர்லின் மறுபடி இறங்கக் கேட்டும் கோச் விடவில்லை. அப்புறம் செல்டிக்ஸின் டான் நெல்சன் எறிந்த பந்து ரிங்கின் பின்பக்கம் பட்டு, உயர எழும்பி, நேராக வலைக்குள்ளேயே விழுந்தது. 108-106. செல்டிக்ஸ் ஜெயித்தது, பலூன்கள் கூரையிலேயே நின்றுவிட்டன.

விருதோடு வெஸ்டுக்கு ஒரு கார் கொடுத்தார்கள். அதன் நிறம் பச்சை. செல்டிக்ஸின் நிறம்.

நான் மாவட்ட அணிக்கு ஆடிய காலத்தில், ஓர் இறுதி ஆட்டத்தில் 31 பாயின்ட் போட்டும் தோற்றோம். ஊர் வந்து சேரும் வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. அதனாலோ என்னவோ, பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகளில்) நடந்த மிகச் சிறந்த ஆட்டம் எது என்று யார் கேட்டாலும், கோப்பை வாங்கியவர்களை விட்டுவிட்டு வெஸ்டின் அந்த ஏழாவது ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

கேள்வி: லேக்கர்ஸ் அந்தக் கணக்கை எப்போது தீர்த்தது? - ஒரு வாசகர், மதுரை

பதில்: 1985-இல். அதற்குள் செல்டிக்ஸிடம் எட்டு இறுதிச்சுற்றுகள் தோற்றாகிவிட்டது. 1985-இலும் முதல் ஆட்டத்தில் 148-114 என்று உதை வாங்கினார்கள். 38 வயது கரீம் அப்துல் ஜப்பார் எடுத்தது வெறும் 12 பாயின்ட், 3 ரீபவுண்டு. 'ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டது' என்று பேச்சு கிளம்பியது.

அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தபோது கரீம் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, கோச் பேட் ரைலி சொன்ன குறைகளையெல்லாம் கேட்டுக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்துக்குப் போகும்போது, அணியின் பஸ்ஸில் தன் அப்பாவையும் கூட்டிவர அனுமதி கேட்டார். அன்று அவர் எடுத்தது 30 பாயின்ட், 17 ரீபவுண்டு, 8 அசிஸ்ட். ஆறாவது ஆட்டத்தில், செல்டிக்ஸின் சொந்த அரங்கான பாஸ்டன் கார்டனிலேயே, கோப்பை லேக்கர்ஸுக்கு. சிறந்த ஆட்டக்காரர் விருது கரீமுக்கு. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த மனிதர் பஸ்ஸில் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: இன்றைய நிலவரம்? - அதே வாசகர்

பதில்: 12 முறை இறுதிச்சுற்றில் மோதியதில் செல்டிக்ஸ் 9, லேக்கர்ஸ் 3. கடைசி மோதல் 2010. ஏழாவது ஆட்டம் 83-79, லேக்கர்ஸுக்கு. லேக்கர்ஸின் கோபி பிரயன்ட் எறிந்த 24 ஷாட்டில் 6தான் விழுந்தன. ஆனால் 15 ரீபவுண்டு பிடித்தார். 'சார், இன்னைக்கு ஷாட்டே விழல' என்று முகம் வாடி வரும் பிள்ளைகளுக்கு நான் அந்த ஆட்டத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.