படத்தில் செம்மஞ்சள் கறை: பழைய கமராவை எதுவரை நீங்களே திருத்தலாம்?

கேள்வி: ஐயா, பெரியப்பா பாவித்த பென்டக்ஸ் கே1000 கமரா ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. காலிமுகத்திடலில் ஒரு ரோல் எடுத்துக் கழுவினேன். அநேகமான படங்களில் இடது ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு கறை. பின்மூடியைத் திறந்தால் தார் மாதிரி ஏதோ விரலில் ஒட்டுகிறது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஊசியும் அசையவில்லை. திருத்தக் கொடுப்பதா, நானே ஏதாவது செய்யலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

தம்பி, நீங்கள் சொன்னவற்றை வீட்டு மேசையில் வைத்தே சரிசெய்து பார்க்கலாம். ஸ்க்ரூ ஒன்றைக்கூடக் கழற்றத் தேவையில்லை.

முதலில் அந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை படத்துக்குள் மட்டும் நிற்கிறதா, பல் ஓட்டைகள் இருக்கிற விளிம்பு வரை ஓடுகிறதா? விளிம்பு வரை ஓடினால் வெளிச்சம் பின்மூடி வழியாக நுழைந்திருக்கிறது. படத்துக்குள் மட்டும் நின்றால் ஷட்டர் துணியில் ஓட்டை இருக்கலாம், அது வேறு வேலை. உங்கள் கறையின் நிறமும் பின்மூடியைத்தான் காட்டுகிறது. கலர் நெகட்டிவின் முதுகுப் பக்கத்தால் வரும் வெளிச்சம் பிலிமின் அடித்தாளைக் கடந்து, சிவப்பை உணரும் படலத்தைத்தான் முதலில் தொடும். அதனால்தான் சிவப்பும் செம்மஞ்சளுமாக விழுகிறது.

ஏன் இடது ஓரம்? லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவும் இடம்வலம் மாற்றியும் பிலிமில் விழுத்தும். படத்தில் இடது என்றால், கமராவைக் கையில் பிடித்திருக்கும் உங்களுக்கு அது வலது. கே1000இன் பின்மூடிப் பிணைச்சல் இருப்பது அங்கேதான். பிணைச்சல் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் அடைக்கும் ஃபோம் கரைந்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம்.

இந்தக் கமராவை 1976இலிருந்து 1997வரை செய்தார்கள். கடைசியாக வந்ததற்கே கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பொலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்ல உடைந்து, தூளாகவோ பிசினாகவோ மாறும். கொழும்பு மாதிரி வருடம் முழுவதும் புழுங்குகிற ஊரில், அதுவும் கடற்கரை ஓரத்தில், அது இன்னும் வேகமாக நடக்கும்.

துப்புரவு செய்வதில்தான் பொறுமை வேண்டும். பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பஞ்சுக் குச்சிகளும் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அது பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். சுரண்டுவதற்கு என் கைக்கு இன்றுவரை பிடித்தது தென்னை ஈர்க்கு. நுனியைச் சரிவாக வெட்டினால் பின்மூடி பொருந்தும் இடத்தில் மேலும் கீழும் உள்ள ஒடுங்கிய தவாளிப்புக்குள் சரியாக இறங்கும், உலோகத்தில் கீறல் போடாது. பின்மூடியைத் திறந்து, திறந்த பக்கம் நிலத்தைப் பார்க்கும்படி கமராவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதிர்கிற கறுப்புத் தூள் மேசையில் விழட்டும், ஷட்டர் துணியில் விழக்கூடாது. அல்ககோலில் நனைத்த பஞ்சைத் தவாளிப்பில் இரண்டு நிமிடம் அழுத்தி ஊறவிட்டுப் பிறகு சுரண்டுங்கள். பஞ்சு வெள்ளையாகவே வெளியே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். எனக்கு வழக்கமாக ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஷட்டர் துணியை மட்டும் விரலாலோ பஞ்சாலோ தொடவே வேண்டாம்.

புதிதாகப் போடுவதற்குப் புறக்கோட்டைக்கு ஒரு நடை போய் வந்தால் போதும். தவாளிப்புக்குக் கறுப்புக் கம்பளி நூல், பிணைச்சல் ஓரத்துக்கு மெல்லிய கறுப்பு வெல்வெட் நாடா. இந்த மொடலுக்கென்றே வெட்டிய ஃபோம் செட்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை ஒட்டும்போது பசைப் பக்கத்தைக் கொஞ்சம் தண்ணீரில் நனையுங்கள். உடனே பிடித்துக்கொள்ளாது, இழுத்து நேராக்க நேரம் கிடைக்கும். தடிப்பாக வைத்துவிட்டால் மூடி பூட்டாது. அமத்திப் பூட்டினால் மூடி வளையும், ஆகவே மெல்லியதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு ஃபோம் துண்டு லென்ஸைக் கழற்றினால் உள்ளே மேலே தெரியும், கண்ணாடி எழும்போது மோதுகிற இடத்தில். அதுவும் பிசினாகியிருந்தால் கண்ணாடி ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். இங்கே கமராவின் வாய் கீழே பார்க்கட்டும். அந்தக் கண்ணாடிக்குப் பிரதிபலிக்கும் பூச்சு மேற்பரப்பில் இருக்கிறது, வீட்டுக் கண்ணாடி மாதிரிப் பின்னால் இல்லை. அதற்கு மேலே உள்ள போகஸ் திரையும் இலகுவில் கீறுப்படும். இரண்டிலும் தூள் விழுந்தால் ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள், துடைக்காதீர்கள். நான் தொடங்கிய காலத்தில் போகஸ் திரையில் விழுந்த ஒரு துகளைச் சேட்டு நுனியால் துடைத்தேன். அந்தக் கீறல் இன்றும் வியூபைண்டரில் தெரிகிறது.

மீட்டர் சின்ன விஷயம். அடிப்பக்கத்துப் பற்றரி மூடியைச் சதக்காசு ஒன்றால் திருகித் திறக்கலாம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய பற்றரி கசிந்திருக்கிறது. வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு, எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 போடுங்கள். இந்தக் கமராவில் மீட்டரை நிறுத்தச் சுவிச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்புறமும் ஊசி அசையாவிட்டால் உள்ளே வயர் அரித்திருக்கலாம், அது ஈயம் பற்றவைக்கிற வேலை, திருத்துபவரிடம் கொடுங்கள். மீட்டர் இல்லாமலும் ஷட்டர் வேலை செய்யும், அது முழுக்க இயந்திரம்.

ஷட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிலிம் போடாமல், லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, ஷட்டரைத் தட்டும்போது போனில் வினாடிக்கு 240 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் மெதுவீடியோ எடுங்கள். ஷட்டர் வேகம் 1/30 வினாடியில் சுமார் 8 சட்டத்துக்கு வெளிச்சம் தெரியவேண்டும். 12, 15 என்று வந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. அதற்காக டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அது பரவி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். மேல்மூடியைத் திறக்கவும் வேண்டாம். ஜப்பானியக் கமரா ஸ்க்ரூக்களின் சிலுவைத் தலைக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு ட்ரைவர் வேண்டும், நம் வீட்டில் இருக்கிற பிலிப்ஸ் ட்ரைவர் நழுவித் தலையைத் தின்றுவிடும். திருத்துபவரிடம் போகும்போது எந்த வேகத்தில் எத்தனை சட்டம் வந்தது என்று எழுதிக் கொண்டுபோனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பெரியப்பாவின் தோல் உறை இருந்தால் அதற்குள் கமராவை வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், லென்ஸில் பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

வேலை முடிந்ததும் ஒரு ரோல் போடுங்கள். மூன்று படங்களுக்கு லென்ஸ் மூடியைப் போட்டபடி, ஒவ்வொன்றுக்கும் கமராவின் முதுகைப் பத்து நிமிடம் வெயிலில் காட்டி, மூடியோடேயே ஷட்டரைத் தட்டிச் சுற்றுங்கள். மிச்சத்தை வழமைபோல எடுங்கள். கழுவி வந்த நெகட்டிவில் அந்த மூன்று இடமும் ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் வெளிச்சம் எங்கும் நுழையவில்லை.